மேனேஜரைத் திட்டும் முன்: பேஸ்பால் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 அக்டோபர் 27, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே ரேஸ் 1-0 என முன்னிலை. அதன் பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல் 73 பந்துகள்தான் வீசியிருந்தார். அதற்குள் ஒன்பது ஸ்டிரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆவது). ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸில் தனது இரண்டாவது ஹிட்டை (பேட்டரின் வெற்றிகரமான அடி) அவர் கொடுத்ததும், அணியை வழிநடத்தும் மேனேஜர் கெவின் கேஷ் மைதானத்துக்குள் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டு அவரை ஆட்டத்தைவிட்டு எடுத்தார். அடுத்து வந்த நிக் ஆண்டர்சனிடம் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அதே இன்னிங்ஸில் இரண்டு ரன் எடுத்தது. 3-1 என வென்று கோப்பையையும் கைப்பற்றியது.

கிரிக்கெட்டில் பவுலரை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு மறுபடி அழைக்கலாம். பேஸ்பாலில் ஆட்டத்தைவிட்டு எடுக்கப்பட்டவர் அன்று திரும்பவே முடியாது. அதனால்தான் மேனேஜர் எழுந்து நடந்தாலே ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் கோபத்தில் தவறில்லை. அது குறி தப்பிப் போவதுதான் வருத்தம்.

முதல் தவறு, இரண்டு முடிவுகளை ஒன்றாகக் குழப்புவது. ஸ்னெலை எடுத்தது ஒரு முடிவு. ஆண்டர்சனை இறக்கியது வேறொரு முடிவு. ஓர் ஆட்டத்தில் ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது பேட்டர்கள் கூடுதலாக அடிக்கிறார்கள் என்பது நெடுங்காலப் புள்ளிவிவரங்களில் தெரிவது. கேஷ் நம்பியது அதைத்தான். ஆனால் அடுத்து வரவிருந்த மூன்று பேட்டர்களும் அன்று ஸ்னெலிடம் ஆறு முறை நின்று ஆறு முறையும் ஸ்டிரைக் அவுட் ஆனவர்கள். ஆக, முதல் முடிவில் இரு பக்கமும் வாதம் உண்டு. இரண்டாவதை ஆதரிப்பது கடினம்: ஆண்டர்சன் அதற்கு முன் தான் இறங்கிய ஆறு ஆட்டங்களிலும் ரன் கொடுத்திருந்தார். என்னைக் கேட்டால், ரேஸ் ரசிகர்கள் உரக்கக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஓர் இரவின் பாடத்தைச் சட்டமாக்குவது அடுத்த தவறு. “நன்றாக வீசுபவரை எடுக்கவே கூடாது” என்பவர்கள் 2003-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 5-2 என முன்னிலை. பெட்ரோ மார்டினெஸ் களைத்திருந்தார். நூறு பந்துகளைத் தாண்டினால் அவரது வீச்சு மங்கும் என்பது அந்தப் பருவம் முழுக்கத் தெரிந்த விஷயம். மேனேஜர் கிரேடி லிட்டில் அவரிடம் போய்ப் பேசினார். அவரையே தொடரவிட்டுத் திரும்பினார். நியூயார்க் யாங்கீஸ் 5-5 எனச் சமன் செய்து, கூடுதலாக நீண்ட 11-ஆவது இன்னிங்ஸில் ஆரோன் பூனின் ஹோம் ரன்னால் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) வென்றது. லிட்டிலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கேஷ் அவசரப்பட்டதாகவும் லிட்டில் தாமதித்ததாகவும் திட்டு வாங்கினார்கள்.

வென்றுவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம். 2016 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் சிகாகோ கப்ஸின் பிட்சர் அரோல்டிஸ் சாப்மன் 42 பந்துகள் வீசியிருந்தார். ஆறாவது ஆட்டத்தில் ஐந்து ரன் முன்னிலை இருந்தும் மேனேஜர் ஜோ மேடன் அவரை மறுபடி இறக்கினார். ஏழாவது ஆட்டத்தில் சோர்ந்த சாப்மனின் பந்தை கிளீவ்லேண்டின் ராஜாய் டேவிஸ் ஹோம் ரன்னாக்கி ஆட்டத்தைச் சமன் செய்தார். பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என வென்று, கோப்பைக்கான 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்தது. தோற்றிருந்தால் மேடனை அந்த நகரம் இன்றும் மன்னித்திருக்காது. அவர் எடுத்த முடிவு என்னவோ இரண்டு நிலையிலும் ஒன்றுதான்.

அணியில் யார் இருப்பது என்பதற்கும் மேனேஜரையே குறை சொல்கிறோம். அது பெரும்பாலும் நிர்வாகத்தின் வேலை. பிட்சரின் தோள் வலி போன்றவை வெளியே சொல்லப்படாமலும் இருக்கலாம்.

இதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முடிவு தெரிவதற்கு முன்பே கேட்கக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 4 அன்று பால்டிமோர் ஓரியோல்ஸ் ரசிகர்கள் அப்படித்தான் கேட்டார்கள். டொராண்டோவில் ஒற்றை ஆட்ட நாக் அவுட், ஸ்கோர் 2-2, 11-ஆவது இன்னிங்ஸ். அந்தப் பருவத்தில் 47 வாய்ப்புகளில் 47 முறையும் முன்னிலையைக் காத்துக்கொடுத்த பிட்சர் சாக் பிரிட்டன் புல்பென்னில் (மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) உட்கார்ந்திருந்தார். முன்னிலை கிடைத்ததும் அதைக் காக்க அவர் வேண்டும் என்று மேனேஜர் பக் ஷோவால்டர் அவரை வைத்திருந்தார். அந்த முன்னிலை கிடைக்கவே இல்லை. பதிலாக இறக்கப்பட்ட உபால்டோ ஹிமெனெஸின் பந்தை டொராண்டோவின் எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன்னாக்க, பிரிட்டன் ஒரு பந்துகூட வீசாமல் பருவம் முடிந்தது. என்கார்னாசியோன் அந்தப் பந்தில் அவுட் ஆகியிருந்தாலும் ஷோவால்டர் செய்தது தவறுதான். அதே மாதம் கிளீவ்லேண்டின் மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனா தனது சிறந்த ரிலீவர் (மாற்றுப் பிட்சர்) ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே இறக்கி, தன் அணியை உலகத் தொடர் வரை கொண்டுபோனார்.