ரேம் போட்டதும் டிஸ்ப்ளே போச்சா? கடைக்கு ஓடும் முன் இதைச் செய்யுங்கள்

போன மாங்காய் சீசனில், கிருஷ்ணகிரியில் மாமாவின் மண்டிக்கு நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் 4 ஜிபி ரேம்தான் இருந்தது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இன்னொரு 4 ஜிபி வாங்கிவந்து காலி ஸ்லாட்டில் செருகினேன். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. வெளியே லாரி பில்லுக்காக நிற்கிறது. "ஏன்டா மாப்ள, ஓடிக்கிட்டு இருந்ததை ஏன்டா நோண்டுன?" என்றார் மாமா.

புது ரேம் பழுது என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. அன்று தட்டுத்தடுமாறிச் செய்ததை இங்கே ஒழுங்கான வரிசையில் தருகிறேன்.

1. புதியதைக் கழற்றுங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சக் கரண்ட் வடிந்துவிடும். கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். புது ரேமை எடுத்துவிட்டுப் பழையதோடு மட்டும் ஆன் செய்யுங்கள். டிஸ்ப்ளே வந்தால் மதர்போர்டு நலம். வராவிட்டால், வேலை செய்யும்போது மானிட்டர் கேபிளோ பவர் கேபிளோ தளர்ந்திருக்கலாம்.

2. ரகம் பொருந்துகிறதா?

டிடிஆர்3, டிடிஆர்4 என்று ரேமில் ரகங்கள் உண்டு. இரண்டுக்கும் அடி விளிம்பிலுள்ள நடுவெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது, அழுத்தி உடைக்காதீர்கள். லேப்டாப்காரர்கள் வோல்டேஜையும் பாருங்கள்: 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் பெரும்பாலும் எழாது. வேகம் வேறாக இருந்தால் அநேகமாகப் பிரச்சினையில்லை, இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். டிடிஆர்5 என்றால் முதல் தடவை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பொறுங்கள்.

3. துடைத்து, மாற்றி மாற்றிப் போடுங்கள்

பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும். ரேமின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள், தூளைத் தட்டிவிடுங்கள். பிறகு மொபைல் டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். எங்கள் மண்டியில் சூடு தாங்காமல் கேபினட் மூடியைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மாங்காய்க்கு அடியில் பரப்பும் வைக்கோலின் தும்பு ஒன்று, நகம் அளவுதான், அந்தக் காலி ஸ்லாட்டுக்குள் படுத்திருந்தது. சின்ன பிரஷ்ஷால் எடுத்தேன். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும்.

டெஸ்க்டாப்பில் இரு முனையையும் சமமாக அழுத்துங்கள். கிளிப் 'டக்' என்று விழ வேண்டும். சில போர்டில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கும். இப்போது ஒரு ரேம், ஒரு ஸ்லாட் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரே ரேம்தான் தகராறு செய்கிறதென்றால் ரேமில் கோளாறு. எந்த ரேம் போட்டாலும் ஒரே ஸ்லாட்தான் என்றால் ஸ்லாட்டில். நான்கு ஸ்லாட் போர்டில், பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4 ஆகியவற்றில் போடச் சொல்வதுதான் வழக்கம். போர்டின் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள்.

4. அப்பவும் வரவில்லையா?

போர்டிலுள்ள காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரியை, பிளக் பிடுங்கிய நிலையில், ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள். ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் மென்பொருளின் அமைப்பு ஆரம்ப நிலைக்குத் திரும்பும். தேதியும் போய்விடும், மறக்காமல் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் நெட் பேங்கிங் பக்கம்கூடத் திறக்காமல் முரண்டுபிடிக்கும்.

5. ஆன் ஆகிறது, ஆனால் 8 ஜிபி காட்டவில்லை

32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. 64 பிட் போட்டே ஆகவேண்டும். ஏற்கெனவே 64 பிட் என்றால், விண்டோஸ் பட்டனும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி 'எம்எஸ்கான்ஃபிக்' (msconfig) என்று தட்டி என்டர் கொடுங்கள். பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் 'மேக்ஸிமம் மெமரி'யில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். 7.9 என்று காட்டினால் சரிதான், மிச்சத்தைக் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது.

6. விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை வந்து வந்து போகிறதா?

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் ஆகிச் சோதிக்கும், முடிவைத் திரும்ப உள்ளே வந்ததும் சொல்லும். பிழை காட்டினால் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே சோதியுங்கள்.

பழுது புதியதில்தான் என்று உறுதியானால் மட்டும் பெங்களூரு பஸ் ஏறுங்கள், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். பில்லோடு பழைய ரேமையும் எடுத்துப்போங்கள். அதைக் காட்டி, அதே ரகத்தில் வேறு கேளுங்கள்.