தபாலில் வரும் அந்தப் பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள்

எனக்கு 50 வயது முடிந்த கொஞ்ச நாளில் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. ஏதோ விளம்பரம் என்று நினைத்து இரண்டு மாதம் பிரிக்காமலே மேசை மேல் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி, மூடியோடு சேர்ந்த குச்சி, திருப்பி அனுப்ப ஒரு உறை. பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் பரிசோதனைக்கான பெட்டி அது.

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்த நம் ஆட்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. பெருங்குடல் புற்றுநோயால் உலகில் ஒரு வருடத்தில் சுமார் 9 லட்சம் பேர் சாகிறார்கள், புற்றுநோய்ச் சாவுகளில் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆனால் இது பெரும்பாலும் பாலிப் என்கிற சின்னக் கட்டியாக ஆரம்பித்து, புற்றுநோயாக மாறப் பத்து வருடம் போல எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் பிடித்தால் கட்டியை வெட்டி எடுத்துவிடலாம், புற்றுநோய் வராமலே போகும்.

இவ்வளவு வசதி இருந்தும் பெருங்குடல் பரிசோதனையை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று பார்த்தால் நாட்டுக்கு நாடு ரொம்ப வித்தியாசம். நெதர்லாந்தில் அழைப்பு போனவர்களில் நூற்றுக்கு 70 பேர் போலச் செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வீடு தேடிப் பெட்டி போயும் 40 சொச்சம்தான். பிரான்ஸில் மூன்றில் ஒருவர் போல. அமெரிக்காவில் 2021 கணக்குப்படி, 45 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 59 பேர் தவணை தவறாமல் செய்திருக்கிறார்கள், ஆனால் அந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் ஆகாதவர்களை மட்டும் எடுத்தால் அது 30ஐக்கூடத் தொடவில்லை.

நம் ஆட்களுக்குக் கூச்சம், பயம், அதனால்தான் செய்வதில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கூச்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் கணிப்பில் பாதிப் பேரின் பெயர் சேர வேண்டிய பட்டியலில் சேரவே இல்லை. இங்கிலாந்தில் ஜிபி என்கிற குடும்ப மருத்துவரிடம் பதிந்திருந்தால்தான் 50 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டி வரும். உடம்புக்கு முடியாமல் போகும்போது பதிந்துகொள்ளலாம் என்று இருந்தால் உங்களுக்கு 50 ஆனது யாருக்கும் தெரியாது. ஆஸ்திரேலியாவில் மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டுப் பதிவை வைத்து அனுப்புகிறார்கள், 2024 ஜூலையிலிருந்து 45 முதல் 49 வயதுக்காரர்களும் பெறலாம், ஆனால் முதல் பெட்டியை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் பொதுவாகக் குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெட்டி வரும், அதனால் மருத்துவர் இன்னும் கிடைக்கவில்லை என்று சும்மா இருந்துவிடாமல் மாகாணச் சுகாதாரத் தொலைபேசி சேவையில் கேளுங்கள். அமெரிக்காவில் 2021லிருந்து 45 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள், ஆனால் நாடு முழுக்கத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு கிடையாது. டாக்டரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும், உங்கள் இன்சூரன்ஸ் எதற்கெல்லாம் பணம் கட்டும் என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

சரி, பெட்டி வந்துவிட்டது. தண்ணீரில் படுவதற்கு முன்னால் மலத்தைக் காகிதத்திலோ பழைய பிளாஸ்டிக் டப்பாவிலோ பிடித்து, குச்சியால் லேசாகக் கீறிக் குப்பிக்குள் போட்டு மூட வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் இரண்டு தடவை எடுக்கச் சொல்வார்கள். தேதி எழுதுங்கள், அதை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தவர்கள் உண்டு. முன்பெல்லாம் இங்கிலாந்தில் மூன்று வெவ்வேறு நாட்களில் ஆறு தடவை தடவி அனுப்ப வேண்டியிருந்தது. ஒரே தடவை போதும் என்கிற ஃபிட்டை முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தபோது செய்தவர்கள் நூற்றுக்கு 59லிருந்து 66 ஆனார்கள், அப்புறம் 2019ல் பழைய முறையையே எடுத்துவிட்டார்கள். வேலை சுலபமானால் ஜனங்கள் செய்கிறார்கள், கூச்சத்தை மட்டும் குறை சொல்ல முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் உடனே புற்றுநோய் என்று அழ வேண்டாம். மூலத்தாலும் அப்படி வரலாம், பாலிப்பாலும் வரலாம். ஆனால் மூலம்தான் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டு, அடுத்துச் சொல்லும் கொலோனோஸ்கோபிக்கு, அதாவது கேமரா வைத்த குழாயால் குடலுக்குள் பார்க்கும் பரிசோதனைக்கு, போகாமல் இருந்தால் பெட்டியை அனுப்பியதே வீண். முந்தின நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்வதுதான் அதில் உண்மையான கஷ்டம். மயக்க மருந்து கொடுத்தால் வீட்டுக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பல நாடுகளில் இலவசம். அம்மாவின் மலத்தைப் பற்றி டாக்டரிடம் மகன் மொழிபெயர்க்கும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன், இருவருமே பாதி விஷயத்தைச் சொல்லவில்லை.

இன்னொன்று, இந்தப் பெட்டி அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு. மலத்தில் ரத்தம் தெரிகிறது, மலம் கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறியிருக்கிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் பெட்டி வரட்டும் என்று காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் அதையும், எந்த வயதில் வந்தது என்பதையும் சொல்லுங்கள், 50 வரை காத்திருக்க வேண்டியிருக்காது. ஊரில் ஏற்கனவே கொலோனோஸ்கோபி செய்திருந்தால் அந்த அறிக்கையை எடுத்து வாருங்கள், எதுவும் இல்லை என்று வந்திருந்தால் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மறுபடி தேவைப்படாது.

வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் முகவரியை மின்சாரக் கம்பெனிக்கும் வங்கிக்கும் மாற்றுகிறீர்கள், ஜிபியிடமும் மெடிகேரிலும் மாற்றுவதில்லை. பெட்டி பழைய வீட்டுக்குப் போய்ச் சேரும். அங்கே புதிதாகக் குடிவந்தவர் அதை விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார்.