சாலைக் குறையை எடுத்துப் போகும் புதிய உறுப்பினர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஜெயித்து வந்த ஊராட்சித் தலைவர்களும் ஒன்றியக் கவுன்சிலர்களும் மாமன்ற உறுப்பினர்களும் மனு எழுத உதவி கேட்டு என்னிடம் வருவார்கள். நானும் ஒன்றியக் குழுவில் உட்கார்ந்தவன்தான். அதற்கு முன்பு ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் மனுக்களைத் துறைவாரியாகப் பிரித்து அடுக்குகிற வேலை பார்த்தேன். வருகிறவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் சாலைப் பிரச்சினை. வளைவில் ஆள் அடிபட்டது, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கல்குவாரி டிப்பர்கள் ஊருக்குள் பாய்வது, பஸ் ஊருக்குள் வராமல் நான்குவழிச் சாலையிலேயே இருட்டில் இறக்கிவிட்டுப் போவது. குறை உண்மையானது, கொண்டுவருகிறவரும் அக்கறையுள்ளவர். ஆனாலும் அன்றைக்கு நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். இந்த விஷயத்தில் ஒரு வருஷம் வீணாவது என்றால் அந்த வளைவில் இன்னொரு வீட்டு ஆள் விழுவது என்று அர்த்தம். அதனால்தான் எழுதுகிறேன்.

தேதி போட மறப்பது, கையெழுத்து விடுபடுவது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் அலுவலகத்திலேயே சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்லிவிடுவார்கள்.

சாலை யாருடையது என்று பாராமல் மனு கொடுப்பது

நம் திருநெல்வேலிப் பகுதியில் ஒரே ஊரைச் சுற்றி நான்கு பேருடைய சாலைகள் ஓடும். கயத்தாறு, கங்கைகொண்டான், நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாகப் போகும் 44 தேசிய நெடுஞ்சாலை. பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் 138-உம் அப்படியே. தென்காசிச் சாலை மாநில நெடுஞ்சாலை. ஊர்களை இணைக்கும் சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை, சில ஒன்றியத்துடையவை. தெரு, ஊராட்சியினுடையது. மாநகராட்சிக்குள்ளேயே நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும் சாலைகளும் உண்டு.

கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு, பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. கல்லில் உள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு இடையில் இருநூறு மீட்டருக்கு ஒரு சிறு கல் இருக்கும். '12/4' என்று எழுதிவிட்டால் இளநிலைப் பொறியாளர் மேசையிலிருந்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். 'அய்யனார் கோயில் பக்கத்து வளைவு' என்று எழுதினால் எந்த அய்யனார் கோயில் என்று கேட்டு ஒரு கடிதம் வரும். நம் பக்கம் அய்யனார் கோயில் இல்லாத ஊர் ஏது?

தேசிய நெடுஞ்சாலை என்றால் நாடாளுமன்ற உறுப்பினரையும் பிடியுங்கள். அவர் மக்களவையில் 377-ஆவது விதியின் கீழ் எழுப்ப முடியும். சட்டமன்றத்தில் அதே விஷயத்தைப் பேசினால், ஒன்றிய அரசைக் கேட்டுக்கொள்கிறோம் என்ற அளவில்தான் பதில் கிடைக்கும். இன்னொன்று: 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் போய்விட்டது. எல்லை ஊர்க்காரர்கள் சிலர் இன்னும் பழைய நினைப்பில் கொக்கிரகுளத்தில் இருக்கும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கே போய் திங்கட்கிழமை மனு வரிசையில் நிற்கிறார்கள். ஆலங்குளம் வட்டத்துச் சாலைக்குத் தென்காசி ஆட்சியரைத்தான் பார்க்க வேண்டும்.

'வேகத்தடை அமைத்துத் தர வேண்டும்' என்று மனுவைத் தொடங்குவது

இந்தத் தவறைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வருகிற மனுக்களில் 'பொருள்' என்ற இடத்தைப் பாருங்கள். 'வேகத்தடை அமைக்கக் கோருதல்' என்றுதான் இருக்கும். கீழே படித்தால் விபத்தைப் பற்றி ஒரே ஒரு வரி. எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வந்த வண்டி, அடிபட்டவர் எதற்காகச் சாலையைக் கடந்தார், ஒன்றும் இருக்காது.

அந்த மனு அலுவலகத்தில் என்ன ஆகும் என்று சொல்கிறேன். பொறியாளர் முன்னால் இருப்பது ஒரே கேள்வி: இந்தச் சாலையில் வேகத்தடை போடலாமா? தேசிய நெடுஞ்சாலையில் கூடாது. அங்கே இருப்பவற்றையும் அகற்றச் சொல்லி 2016-ல் ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவு போட்டது. மற்றப் பெரிய சாலைகளிலும் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். இந்தியச் சாலைக் குழுமத்தின் விதி, ஐ.ஆர்.சி. 99, கிளைச் சாலை பெரிய சாலையில் வந்து சேருமிடத்தில் கிளைச் சாலையின் மேல்தான் வேகத்தடையைப் போடச் சொல்கிறது. ஆகவே 'விதிகளில் இடமில்லை' என்று பதில் எழுதுவார். கேட்ட கேள்விக்குப் பதில் வந்தாயிற்று, கோப்பு முடிந்தது. அந்த இடத்தை ஒருவரும் வந்து பார்க்கவில்லை, ஏனென்றால் பார்க்கச் சொல்லி நாம் கேட்கவே இல்லை.

எங்கள் ஒன்றியத்தில் பக்கத்து வார்டில் நடந்தது இது. சாலைக்கு வடக்கே ஊர், தெற்கே பீடிக் கம்பெனியும் பஸ் நிறுத்தமும். ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். காலையில் முந்தின நாள் சுற்றிய பீடியைக் கட்டி எடுத்துக்கொண்டு சாலையைக் கடப்பார்கள், இலையும் தூளும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அப்படித் திரும்பும்போது ஒரு பெண்மணி வேன் மோதி இறந்துபோனார். அந்த வார்டு உறுப்பினர் புதியவர், துடிப்பானவர். மறு வாரமே வேகத்தடை கேட்டு மனுக் கொடுத்தார். மாதக்கணக்கில் அலைந்த பிறகு, முடியாது என்று பதில் வந்தது. ஊர்ப் பையன்களுக்குப் பொறுக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லியும் சிமெண்டும் கொட்டி ஒரு சாண் உயரத்துக்கு அவர்களே ஒரு மேடு கட்டிவிட்டார்கள். வெள்ளைப் பட்டை கிடையாது, முன்னால் அறிவிப்புப் பலகையும் கிடையாது.

விதிப்படி போடுகிற வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். வண்டி அதில் ஏறி இறங்கும், தூக்கிப் போடாது. நாற்பது மீட்டர் முன்னாலேயே பலகை இருக்க வேண்டும். பையன்கள் கட்டியதோ சுவர். விடியற்காலை இருட்டில் எக்ஸெல் வண்டியில் பால் கேன்களோடு வந்தவர் அதில் ஏறித் தூக்கி எறியப்பட்டார். இடுப்பெலும்பு முறிந்து ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரும் அதே ஊர்க்காரர். அதன் பிறகு துறையிலிருந்து வந்து மேட்டை இடித்து எடுத்தார்கள். இறந்த பெண்மணிக்கும் நியாயம் கிடைக்கவில்லை, உழைத்துச் சாப்பிட்ட ஒரு மனுஷனும் முடங்கிப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்த உறுப்பினரும் நானும் காலையில் போய் அந்த இடத்தில் நின்றோம். கம்பெனிக்குக் கிளம்பிய ஒரு வயசான அம்மா சொன்னார்: "வண்டி வேகமா வாரானா மெதுவா வாரானாங்கதே எங்களுக்குத் தெரியாதுய்யா. அந்த முள்ளு மறைக்கி. சத்தம் கேட்டாத்தான் வண்டி வருதுன்னு தெரியும்." அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். கிழக்கே வளைவின் உள்பக்கம் முழுக்க சீமைக் கருவேலம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து சாலை ஓரத்து வெள்ளைக் கோடு வரைக்கும் சாய்ந்திருந்தது. போதாததற்கு பஸ் அந்த வளைவிலேயே நிற்கும். நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் வந்து கடக்கிறவர்களை, பஸ்ஸை முந்தி வருகிற வண்டிக்காரன் பார்க்கவே முடியாது. வேகத்தடைக்காக ஓடிய அத்தனை மாதமும் அந்த முள் அங்கேயே நின்றிருக்கிறது!

மனுவைப் புதிதாக எழுதினோம். பொருள்: 'இன்ன கிலோமீட்டரில் பாதசாரிகள் கடக்கும் இடத்தைக் கூட்டு ஆய்வு செய்யக் கோருதல்'. உள்ளே, காலை எந்த நேரத்தில் எத்தனை பெண்கள் கடக்கிறார்கள், எந்தப் பக்கம் பார்வை மறைகிறது, பஸ் எங்கே நிற்கிறது, இதுவரை நடந்த விபத்துகளின் தேதி. தீர்வை நாங்கள் எழுதவில்லை. ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. போலீஸ், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், நெடுஞ்சாலைத் துறை மூன்று பேரும் அதில் உட்காருவார்கள். அதன் பொருள் நிரலில் இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டோம். மூன்று துறையும் ஒன்றாக வந்து நின்றபோது ஒருவரை ஒருவர் கைகாட்ட வழியில்லை. முள்ளை வெட்டினார்கள். பஸ் நிறுத்தத்தை வளைவைத் தாண்டித் தள்ளி வைத்தார்கள். எச்சரிக்கைப் பலகையும் ஒளிரும் ரிஃப்ளெக்டரும் வந்தன. ஊரிலிருந்து வரும் கிளைச் சாலை பெரிய சாலையைத் தொடுகிற இடத்தில் விதிப்படி ஒரு வேகத்தடையும் போட்டுத் தந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் போன மாதம் ஒரு தம்பி வந்தார். "அண்ணாச்சி, ஒரே ஒரு வேகத்தடை மட்டும் வாங்கிக் குடுங்க, போதும்" என்றார். எந்த இடத்தில் என்றேன். காட்டுகிறேன் என்று செல்போனை எடுத்து வரைபடத்தைத் திறந்தார். அங்கே போய் நின்று பார்த்திருக்கவில்லை. மக்கள் வேகத்தடை கேட்பார்கள், அது இயல்பு, அவர்களுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். நம்மை அவர்கள் தேர்ந்தெடுத்தது அந்த வார்த்தையை அப்படியே தாளில் ஏற்றிக் கொடுப்பதற்கு இல்லை.

ஊரிலேயே பேசி முடித்த விபத்தை விபத்தாக எண்ணிக்கொள்வது

"மாசத்துக்கு ரெண்டு பேராவது விழுதாங்க" என்று கூட்டத்தில் பேசுவோம். காவல் நிலையப் பதிவைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கால் ஒடிந்தவனுக்கு வண்டிக்காரர் செலவுக்குப் பணம் கொடுத்தார், பெரியவர்கள் பேசி முடித்தார்கள், வழக்குப் போடவில்லை. அரசின் கணக்கில் அந்த விபத்து நடக்கவே இல்லை.

தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தை பிளாக் ஸ்பாட், அதாவது விபத்து அடிக்கடி நடக்கும் இடம், என்று அறிவிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள். அறிவித்துவிட்டால் சீரமைக்கப் பணம் ஒதுக்க வழி பிறக்கும். பேசி முடித்த விபத்து எதுவும் இந்தக் கணக்கில் ஏறாது. ஆகவே கொடுங்காயம் என்றால் வழக்குப் பதியச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் செலவை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தூக்கிக்கொண்டு ஓடுகிறவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின் கீழ் விதியே இருக்கிறது. இதை ஊர்க்கூட்டத்தில் சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பகலில் மட்டும் போய்ப் பார்ப்பது

இரவு எட்டு மணிக்கும் போங்கள்.

நம் ஆட்கள் செய்வதை மறைப்பது

இது சங்கடமான விஷயம், அதனாலேயே எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் கார், பிசானம் என்ற இரண்டு போக நெல்லையும் அறுத்ததும் அது காய்வது தார்ச்சாலையில்தான். பாதிச் சாலையை நெல் அடைத்திருக்கும். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல்லும் முள்ளும் வரிசையாக வைப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், கல் அங்கேயே கிடக்கும். இருட்டில் பைக்கில் வருகிறவனுக்கு அந்தக் கல் தெரியாது.

இதை எழுப்பினால் விவசாயி கோபித்துக்கொள்வார், ஓட்டுப் போய்விடும் என்று உறுப்பினர்கள் வாயைத் திறப்பதில்லை. விவசாயி ஆசைப்பட்டா சாலையில் காயப்போடுகிறார்? ஈரப்பதம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள், மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வேறு களம் இல்லை. அந்த வயற்காட்டுக்குப் பக்கத்தில் உலர்களம் கேளுங்கள். விபத்தையும் களத்தையும் ஒரே தீர்மானத்தில் வையுங்கள். அப்படிக் கேட்டால் எந்த விவசாயியும் உங்களை எதிரியாகப் பார்க்க மாட்டார், கையெழுத்துப் போட முதல் ஆளாக அவரே வருவார்.

மறியல் நடக்கும் இடத்தில் வாய்வாக்கை ஏற்பது

தாசில்தார் வாயால் சொன்னதை எழுத்தில் வாங்காமல் ஆட்களைக் கலைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் படம் போட்டுவிட்டு மனுக் கொடுத்ததாக நினைப்பது

அது மனு இல்லை.

பேச்சோடு விட்டுவிடுவது

ஒன்றியக் கூட்டத்தில் அரை மணி நேரம் உருக்கமாகப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் பேரும் வந்திருக்கும். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் 'உறுப்பினர்கள் பல்வேறு கோரிக்கைகளை எடுத்துரைத்தனர்' என்று ஒரே வரி. அதை வைத்து எந்த அதிகாரியையும் கேள்வி கேட்க முடியாது. வாசகத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போய்த் தீர்மானமாக ஏற்றுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையிலும் ஏற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. அடிபட்ட வீட்டுக்காரர்களையே எழுந்து பேசச் சொல்லுங்கள். அவர்கள் பேசினால் சபையைக் கவனிக்க அரசு அனுப்பிய பற்றாளர் தலை குனிந்து எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக, போன தீர்மானத்தின் மேல் எடுத்த நடவடிக்கையைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று போடுங்கள். தீர்மானம் எந்தத் தேதியில் எந்தத் துறைக்கு அனுப்பப்பட்டது, இப்போது எந்த அதிகாரியிடம் இருக்கிறது, இடத்தை ஆய்வு செய்த அறிக்கையின் நகல். இந்த மூன்றும் போதும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.