டைமிங் பெல்ட், டைமிங் செயின்: எஞ்சினைக் காவு வாங்கும் தவறுகள்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கிடம் தவறாமல் கேட்பது: “இது பெல்ட் வண்டியா, செயின் வண்டியா?” செயின் என்று பதில் வந்தால் முகம் மலர்கிறது. பெல்ட் என்றால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கிறார்கள். அந்தப் பேரத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் செயின் என்று கேட்டவுடன் வருகிற அந்த நிம்மதிதான் பிறகு பணத்தைக் கரைக்கிறது. பெல்ட் தேதி பார்த்து மாற்ற வேண்டிய பொருள். செயினின் ஆயுள் எஞ்சின் ஆயிலில் இருக்கிறது. இரண்டையும் மறந்தால் இரண்டும் ஒரே மாதிரி பழிவாங்கும்.

வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் இணைத்து, கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் சரியாக ஒரு சுற்று சுற்றும்படி வைத்திருப்பது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் வால்வு இறங்கி வரும் இடமும் பிஸ்டன் ஏறி வரும் இடமும் ஒன்றே. வருகிற நேரம் மட்டும் வேறு. பெல்ட் அறுந்தால் கேம் அப்படியே நின்றுவிடும், வண்டி ஓடிய வேகத்தில் கிராங்க் மட்டும் சுற்றும். திறந்த நிலையில் நின்றுபோன வால்வை பிஸ்டன் வந்து இடிக்கும். “வால்வு வளைந்துவிட்டது, ஹெட்டை இறக்க வேண்டும்” என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

எது இருக்கிறது என்று ஊகிப்பது

“டீசல் என்றால் பெல்ட்”, “மாருதி என்றால் செயின்”, “புது மாடல் எல்லாம் செயின்தான்” என்று ஆளுக்கொரு சூத்திரம் சொல்வார்கள். எதுவும் நிற்காது. முதல் தலைமுறை ஐ10 காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே உடல், அதே பெயர், 1.1 லிட்டர் எஞ்சினில் பெல்ட், 1.2 லிட்டர் கப்பா எஞ்சினில் செயின். 2005இல் வந்த ஸ்விஃப்டின் 1.3 பெட்ரோல் எஞ்சினில் பெல்ட். பின்னால் வந்த கே சீரிஸ் எஞ்சினில் செயின். டாக்ஸி ஸ்டாண்டுகளில் வரிசையாக நிற்கும் பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் பெல்ட்டில் ஓடியது, கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் டீசல் செயினில் ஓடுகிறது. டஸ்டரின் 1.5 டீசலில் பெல்ட். பெல்ட் பழைய காலத்துச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இன்றைய விர்டஸ், டைகுன், ஸ்லாவியா, குஷாக் கார்களின் டிஎஸ்ஐ எனப்படும் டர்போ பெட்ரோல் எஞ்சின்களிலும் பெல்ட்தான்.

ஆகவே மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாமல், எஞ்சின் குறியீட்டையும் வண்டியோடு வந்த கையேட்டையும் பாருங்கள். கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் பெல்ட் மாற்றும் கெடு இருந்தால் அது பெல்ட் வண்டி. இல்லையென்றால் செயினாக இருக்கலாம். “இருக்கலாம்” என்பதை ஏன் போட்டேன் என்பது கீழே வரும்.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

பெல்ட் வண்டிக்காரர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். கையேட்டில் “இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது” என்று இருக்கும். முதல் பாதியை எல்லோரும் படிக்கிறார்கள். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும் கார் பத்து ஆண்டில் 35,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும்; உரிமையாளருக்கு அது பெருமை. பெல்ட்டுக்கு அந்தக் கணக்கு புரியாது. அது ரப்பர், உள்ளே கண்ணாடி இழை நரம்புகள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதிர்கிறது. கவருக்குள் எஞ்சின் சூடு வேறு.

இதற்கு நேர்மாறான சிக்கல் நகரத்து வண்டிகளுக்கு. சென்னை கிண்டியிலோ பெங்களூரு சில்க் போர்டிலோ ஏசி போட்டுக்கொண்டு அரைமணி நேரம் நின்றால் மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது, பெல்ட் மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். சில நிறுவனங்கள் கடினச் சூழலில் ஓட்டுபவர்களுக்கென்று தனியாகக் குறைந்த கெடு அச்சிட்டிருக்கின்றன. நம் ஊர் வெயிலும் தூசியும் நெரிசலும் கடினச் சூழல் இல்லையென்றால் வேறு எது?

பழைய இன்னோவாவில் மீட்டர் போர்டிலேயே டி-பெல்ட் என்று ஒரு விளக்கு உண்டு. குறித்த கிலோமீட்டர் வந்ததும் எரியும். அது பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை. தூரத்தை எண்ணி எரிகிறது, அவ்வளவே. பெல்ட்டை மாற்றாமலேயே அந்த விளக்கை அணைத்துவிட முடியும். விற்கும் வண்டியில் விளக்கு எரியவில்லை என்பது பெல்ட் மாற்றியதற்குச் சாட்சி ஆகாது.

கண்ணால் பார்த்து நாள் தள்ளுவது

மேல் கவரின் இரண்டு கிளிப்பைக் கழற்றி, டார்ச் அடித்து, “வெடிப்பே இல்லை சார், இன்னும் இருபதாயிரம் ஓடும்” என்பார்கள். அந்தக் காலத்து ரப்பரில் இந்த வைத்தியம் ஓரளவு செல்லுபடியானது. இப்போதைய பெல்ட்கள் வெப்பம் தாங்கும் வேறு வகை ரப்பரில் வருகின்றன; பல்லின் அடிவேர் தளர்ந்து, உரிந்து விழுவதற்கு முந்தைய வாரம்கூட முதுகு பளபளப்பாகவே இருக்கும். பார்ப்பதில் ஒரு பயன் உண்டு: கவருக்குள் ஆயில் கசிவோ கூலன்ட் கசிவோ தெரிந்தால் கெடு வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஆயில் பட்ட பெல்ட்டைத் துடைத்துவிட்டு ஓட்டுவது வீண் துணிச்சல். கசிவுக்குக் காரணமான ஆயில் சீலையும் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுவதுதான் ஒரே வழி.

பெல்ட்டை மட்டும் மாற்றி மற்றதை விட்டுவிடுவது

பெல்ட் தானாக அறுந்து போவதைவிட, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரோ அதன் பாதையைத் திருப்பிவிடும் ஐட்லர் உருளையோ பேரிங் இறுகி, அதனால் பெல்ட் தொலைவது பல நேரம் நடக்கிறது. டென்ஷனரைக் கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். புதியது கிரீஸின் கனத்தோடு மெதுவாகச் சுற்றி நிற்கும். ஆயுள் முடிந்தது சைக்கிள் சக்கரம்போல் சரசரவென்று சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று பொருள். பெல்ட்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆயுள் கொடுத்துவிட்டு இதைப் பழையபடி மாட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. ஆகவே கிட் ஆகவே வாங்குங்கள்: பெல்ட், டென்ஷனர், ஐட்லர், ஒருமுறை இறுக்கினால் மறுமுறை பயன்படுத்தக் கூடாத போல்ட்டுகள்.

வாட்டர் பம்ப் விஷயத்தில் வண்டிக்கு வண்டி வேறுபாடு உண்டு. டஸ்டரின் டீசலில் டைமிங் பெல்ட்தான் பம்பையும் சுற்றுகிறது. பம்ப் கசிந்தால் மறுபடி அத்தனையையும் கழற்ற வேண்டும் என்பதால் சேர்த்து மாற்றிவிடுவதே லாபம். மேலே சொன்ன டிஎஸ்ஐ எஞ்சின்களில் பம்புக்கு மறுபக்கத்தில் தனியாக ஒரு குட்டி பெல்ட். அங்கே “பம்பும் சேர்த்துப் போட்டாக வேண்டும்” என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்கலாம்.

வெளியே ஆல்டர்னேட்டரைச் சுற்றும் ஃபேன் பெல்ட்டையும் மறக்க வேண்டாம். அது நைந்து, நூல் நூலாகப் பிரிந்து, கிராங்க் புல்லிக்குப் பின்னால் நுழைந்து டைமிங் பெல்ட்டில் சிக்கி எஞ்சினை முடித்த கதைகள் டஸ்டரின் 1.5 டீசல் எஞ்சினில் பேர்பெற்றவை. அற்ப விலைப் பொருள். சத்தம் போட்டால் அன்றே மாற்றுங்கள்.

சாக்பீஸ் குறியை நம்பிப் பொருத்துவது

பல எஞ்சின்களில் கிராங்க் புல்லி நகராமல் பிடித்து வைக்க ‘கீ’ எனப்படும் சிறு இரும்புத் துண்டு கிடையாது; போல்ட்டின் இறுக்கம் மட்டுமே. கேமையும் கிராங்கையும் பூட்டி வைக்கும் கருவி இல்லாமல், சாக்பீஸால் குறி மட்டும் போட்டுக்கொண்டு அதைக் கழற்றினால், சரியான நிலை எங்கே இருந்தது என்பதே தெரியாது. ஒரு பல் தவறினால் வண்டி ஓடும், ஆனால் இழுக்காது, அதிகம் குடிக்கும். இரண்டு மூன்று பல் தவறினால் முதல் ஸ்டார்ட்டிலேயே வால்வு போய்விடும். நல்ல மெக்கானிக் எஞ்சின் ஆறிய பிறகு டென்ஷன் வைப்பார். பிறகு ஸ்பேனரால் கிராங்கை ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்றி, பூட்டும் ஊசிகள் மறுபடி அதே துளையில் இறங்குகின்றனவா என்று பார்ப்பார். அதன் பிறகுதான் சாவி. இதைச் செய்யாமல் ஸ்டார்ட்டர் அடிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். புதுப் பெல்ட்டை மடித்துப் பாக்கெட்டில் செருகுபவரிடமும் வேண்டாம். கூர்மையாக மடித்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி நரம்பு முறிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

செயினுக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று நினைப்பது

செயின் “நீண்டுவிட்டது” என்று சொல்கிறோம். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் சிறு ஊசி தேய்கிறது. ஒரு கண்ணியில் தலைமுடி அளவுகூட இல்லாத அந்தத் தேய்மானம், செயின் முழுவதும் கூடும்போது சில மில்லிமீட்டர் ஆகிவிடும். தேய்க்கும் வேலையைச் செய்வது அழுக்கு ஆயில். தொய்வை ஈடுகட்டும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. செயின் உரசி ஓடும் வழித்தடங்களோ பிளாஸ்டிக். ஆக, செயின் எஞ்சினில் ஆயில் என்பது மசகு மட்டுமே என்று நினைப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசலை எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று பல பெயர்களில் ஓடியதால் இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே அழைக்கப்பட்டது. செயின் எஞ்சின். மூன்று லிட்டர் அளவே ஆயில் பிடிக்கும் சிறிய எஞ்சின் என்பதால் ஒரு லிட்டர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போயிற்று. ஆயிலைக் காலத்தில் மாற்றி டிப்ஸ்டிக்கைப் பார்த்து வந்த டாக்ஸிகள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடின. “அடுத்த டிரிப் முடியட்டும்” என்று தள்ளியவை செயின் சத்தத்தோடு பட்டறைக்கு வந்தன.

அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது, ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். சாவி திருப்பியதும் முன்பக்கத்திலிருந்து தகர டப்பாவில் மணி குலுக்கியது போன்ற ஓசை இரண்டு மூன்று நொடி வந்து அடங்கினால், டென்ஷனரில் ஆயில் நிற்கவில்லை அல்லது செயின் தொய்ந்திருக்கிறது. இதற்குக் கெட்டியான ஆயில் ஊற்றி வாயை அடைப்பது ஒரு பழைய தந்திரம். கெட்டியான ஆயில் குளிர்ந்த எஞ்சினில் இன்னும் தாமதமாகவே டென்ஷனருக்குப் போய்ச் சேரும். பி0016 போன்ற, கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் பழுதுக் குறியீடு ஸ்கேனரில் வந்தால் அதை அழித்துவிட்டு ஓட்டுவதும் இதே ரகம்.

செயின் வேலை வந்தால் செலவு பெல்ட்டைவிடப் பல மடங்கு. பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் செயினை எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக வைத்தார்கள். அதைத் தொட பெரிய கழற்றல் வேலையே நடத்த வேண்டும். மாற்றும்போது வழித்தடம், டென்ஷனர், பல்சக்கரம் எல்லாமே புதிதாக வேண்டும். தேய்ந்த பல்லில் ஓடும் புதுச் செயின் விரைவில் பழசாகும்.

ஆயிலில் ஊறும் பெல்ட்டைச் செயின் என்று நினைப்பது

மேலே “இருக்கலாம்” என்று சொன்னது இதற்காக. சில எஞ்சின்களில் பெல்ட்டே எஞ்சின் ஆயிலுக்குள் ஓடும். வெளியே பிளாஸ்டிக் கவர் கிடையாது, பார்ப்பதற்குச் செயின் எஞ்சின்தான். ஃபோர்டின் முதல் 1.0 ஈகோபூஸ்ட் எஞ்சின் இந்த வகை. 2013இல் ஈகோஸ்போர்ட்டோடு இந்தியாவுக்கும் வந்தது. ஐரோப்பாவில் பேஷோ, சித்ரோயன் கார்களில் வந்த 1.2 ப்யூர்டெக் இன்னொன்று. ஆயிலோடு கலக்கும் பெட்ரோலும் தவறான ஆயிலும் ரப்பரை உப்பவைக்கும், உதிரவைக்கும். உதிர்ந்த துகள்கள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும்; அதன் பிறகு பெல்ட் அறுவதற்கு முன்பே எஞ்சின் ஆயிலின்றி வாடும். ப்யூர்டெக்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒரு சிறு அளவுகோலைப் பெல்ட்டின்மேல் வைத்து அகலத்தைச் சோதிப்பார்கள். உப்பிய பெல்ட் அதற்குள் அடங்காது.

ஆயில் பம்பைச் சுற்றும் பெல்ட் தொடர்பாக 2023 இறுதியில் ஃபோர்டு அமெரிக்காவில் 1.0 லிட்டர் ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்கள் ஏறத்தாழ 1.4 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. அந்த ஈகோஸ்போர்ட்டுகள் சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையிலிருந்து கப்பலேறியவை. இப்படிப்பட்ட எஞ்சின் வைத்திருப்பவர்கள் கையேட்டில் சொன்ன ஆயில் தரத்தை ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது. எஞ்சினைக் கழுவும் ஃப்ளஷ் திரவங்களை அருகிலேயே விடக் கூடாது.

அறுந்த பிறகு சாவியைத் திருப்புவது

ஓடும் வண்டி சட்டென்று அணைந்து, மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது வழக்கமான திணறல் இல்லாமல் ஸ்டார்ட்டர் மட்டும் லேசாக விர்ரென்று சுற்றினால் கையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் இன்னும் ஒரு வால்வை வளைக்கலாம். நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி, கியரில் போட்டுக் கிளப்பப் பார்ப்பது அதைவிட மோசம். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

கடைசியாகப் பழைய கார் வாங்குபவர்களுக்கு. பெல்ட் வண்டியென்றால் மாற்றியதற்கான பில், தேதி, கிலோமீட்டர், கிட்டின் பெயர் ஆகியவற்றைக் கேளுங்கள். “போன வருஷம்தான் மாத்தினேன்” என்ற வாய்மொழிக்கு மதிப்பில்லை; பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். செயின் வண்டியென்றால் ஆயில் மாற்றிய பில்களை அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பில்லுக்கு இடையே இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர் இடைவெளி தெரிந்தால், வண்டியைப் பார்க்க மறுநாள் அதிகாலையில் வருவதாகச் சொல்லிவிட்டு, நீங்கள் வரும்வரை எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.