மலைச்சரிவை வெட்டுகிறார்களா? நீலகிரியில் மனு கொடுப்பது முதல் சரிவை மீட்பது வரை

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஜேசிபி இறங்குகிறது. அடுத்த நாளே மேடு செங்குத்தாக நிற்கிறது, மண் டிப்பரில் போய்விட்டது. கேட்டால் "எல்லாம் பர்மிஷன் இருக்கு" என்கிறார்கள். எந்த அலுவலகத்துக்குப் போவது, மனுவில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசு அலுவலகப் படியே ஏறாதவர்களும் செய்யக்கூடிய வேலைகள்தான் இவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் பெரும்பாலான மனுக்கள் "வேலையை நிறுத்துங்கள்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. அதிகாரி வருகிறார், பணி நிறுத்த அறிவிப்பு ஒட்டுகிறார், ஜேசிபி போய்விடுகிறது, எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். ஆனால் பாதி வெட்டிய சரிவு அங்கேயே இருக்கிறது. தடுப்புச்சுவரும் இல்லை, வடிகாலும் இல்லை, மேலே பிடித்துக்கொள்ள புல்லும் இல்லை. காய்ந்திருக்கும்வரை அந்த மண் நிற்கும், மழைநீர் இறங்கியதும் கனத்துத் தளரும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மழையைப் பார்த்தவர்களுக்கு வெட்டிப் போட்ட சரிவு எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. அதனால் மனுவில் இரண்டையும் கேளுங்கள்: நிறுத்தவும் வேண்டும், சரிவை மீட்கவும் வேண்டும்.

1. முதலில் பாருங்கள், அளந்து எழுதுங்கள்

அடுத்தவர் நிலத்துக்குள் போக வேண்டாம். பொதுச் சாலையிலிருந்தோ உங்கள் எல்லைக்குள் நின்றோ பார்த்தால் போதும். வெட்டிய முகத்துக்கு அடியில் யாரும் நிற்கவே கூடாது, குழந்தைகள் பக்கத்திலேயே போகக் கூடாது.

குறித்துக்கொள்ள வேண்டியவை: வெட்டு தோராயமாக எத்தனை அடி உயரம் (பக்கத்தில் நிற்கும் மின்கம்பத்தையோ வண்டியையோ வைத்துக் கணக்குப் போடலாம்), செங்குத்தாக இருக்கிறதா சாய்வாக இருக்கிறதா, வெட்டின் விளிம்புக்கும் உங்கள் அஸ்திவாரத்துக்கும் எவ்வளவு தூரம், எடுத்த மண் எங்கே போனது. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மண்ணைக் கீழே ஓடையில் தள்ளியிருந்தால் ஆபத்து ஒரு வீட்டோடு நிற்காது, கீழே இருக்கும் காலனி வரைக்கும் போகும்.

வெட்டிய முகத்தை நிதானமாகப் பாருங்கள். மேலே ஒரு சாண் கறுத்த மண் இருக்கும், அதில் வேர்கள் தொங்கும். அதற்குக் கீழே செம்மண். இன்னும் கீழே மஞ்சளும் வெள்ளையும் கலந்த, கையில் வழவழவென்று ஒட்டும் களிமண். நீலகிரியின் சார்னோகைட் பாறை காலகாலமாக மக்கி உண்டான மண் இது. பல இடங்களில் கெட்டிப் பாறைக்கு மேல் பல மீட்டர் தடிமனுக்கு இருக்கிறது. தண்ணீர் செம்மண்ணில் சுலபமாக இறங்கி, இந்தக் களியிலோ பாறையிலோ தட்டுப்பட்டுப் பக்கவாட்டில் கசியும். அப்படிக் கசியும் ஈரக்கோடு எந்த உயரத்தில் தெரிகிறது என்று படம் எடுங்கள். பின்னால் பொறியாளர் வந்து முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான்.

அடுத்து, வெட்டுக்கு மேலே உள்ள தரையைப் பாருங்கள். பிறை வடிவத்தில் விரிசல் ஓடுகிறதா? விரிசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளைக்குச்சி அடித்து, நடுவே எவ்வளவு தூரம் என்று டேப்பால் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். தினமும் ஒருமுறை அளந்தால் போதும். தூரம் கூடிக்கொண்டே போனாலோ, மரமோ கம்பமோ புதிதாகச் சாய்ந்தாலோ, வீட்டுக் கதவு திடீரென்று இறுகினாலோ, ஊற்று நீர் கலங்கலாக வந்தாலோ மனு எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். வீட்டைக் காலி செய்துவிட்டு 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணுக்கு அழையுங்கள்.

2. நிலம் யாருடையது, எந்த உள்ளாட்சி

தமிழக அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையச் சேவையில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் கிடைக்கும். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். அ-பதிவேட்டில் அந்த நிலம் பட்டாவா, அரசுப் புறம்போக்கா, ஓடைப் புறம்போக்கா என்று தெரிந்துவிடும். பட்டா நிலத்தை வெட்டுவதாகச் சொல்லிக்கொண்டு பக்கத்துப் புறம்போக்கையும் சேர்த்து வெட்டியிருந்தால் விஷயம் வேறு. அப்போது வட்டாட்சியர் நேரடியாகத் தலையிட வேண்டியிருக்கும்.

அந்த இடம் நகராட்சியா, பேரூராட்சியா, கிராம ஊராட்சியா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள் என்றால் கன்டோன்மென்ட் போர்டு. கொடைக்கானல்காரர்களும் இதே வழியில் போகலாம், மேல்மனு திண்டுக்கல் ஆட்சியருக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

3. "பர்மிஷன் இருக்கு" என்றால் எந்த பர்மிஷன்?

ஒரு அனுமதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தில்லுமுல்லு. வீடு கட்ட உள்ளாட்சி தரும் வரைபட அனுமதி ஒன்று. கட்டடம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலோ, இடம் சிக்கலான சரிவாக இருந்தாலோ அது 1990-இல் ஏற்படுத்தப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வரை போகும். மலையில் ஜேசிபி, பொக்லைன் வைத்து மண் வெட்டுவதற்கு வருவாய்த் துறை வழியாக வாங்கும் அனுமதி வேறு. வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோக 1959-ஆம் ஆண்டு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி கனிமவளத் துறையிடம் வாங்குவது வேறு. மரம் வெட்டினால் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் வரும், சொந்தப் பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் சரி.

உள்ளாட்சி அலுவலகத்தில் நகரமைப்புப் பிரிவிலோ கட்டட அனுமதி பார்க்கும் எழுத்தரிடமோ கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இந்தப் புல எண்ணுக்கு என்னென்ன அனுமதி கொடுக்கப்பட்டுள்ளது, எண் என்ன, தேதி என்ன, எவ்வளவு ஆழத்துக்கு வெட்டலாம், தடுப்புச்சுவர் காட்டப்பட்டுள்ளதா?

பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒன்றும் கிடைக்காது. அனுமதி ஆணை, ஒப்புதல் வரைபடம், கள ஆய்வு அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள், அதற்கும் இந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் 30 நாள் காத்திருந்துவிட்டு மனு கொடுப்பது தப்பு. இரண்டும் ஒரே நாளில் போகட்டும்.

4. மனு எழுதுவது

நகராட்சி என்றால் ஆணையாளர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், கிராம ஊராட்சி என்றால் ஊராட்சியோடு வட்டார வளர்ச்சி அலுவலர். நகல்கள் வட்டாட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும். ஆட்சியருக்கு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். பழைய பகையையெல்லாம் இதில் கொண்டுவர வேண்டாம், அப்படிச் செய்தால் "ரெண்டு வீட்டுச் சண்டை" என்று கோப்பை மூடிவிடுவார்கள். இந்த மாதிரி எழுதலாம்:

"மேற்படி புல எண்ணில் சுமார் 15 அடி உயரத்துக்குச் செங்குத்தாக மண் வெட்டப்பட்டுள்ளது. வெட்டின் மேல் விளிம்பு எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து 6 அடி தூரத்தில் உள்ளது. எடுத்த மண்ணில் ஒரு பகுதி கீழே உள்ள ஓடையில் கொட்டப்பட்டுள்ளது. (அ) அனுமதியை ஆய்வு செய்து, விதிமீறல் இருந்தால் பணியை நிறுத்தவும், (ஆ) மழைக்கு முன் தற்காலிகப் பாதுகாப்பு செய்ய உத்தரவிடவும், (இ) தகுதியுள்ள பொறியாளரின் வரைபடத்துடன் சரிவை மீட்டமைக்க உரிமையாளருக்குக் கெடு தேதி விதிக்கவும், (ஈ) அவர் செய்யத் தவறினால் நிர்வாகமே செய்து செலவை அவரிடம் வசூலிக்கவும், (உ) ஓடையில் கொட்டிய மண்ணை அகற்றவும் வேண்டுகிறோம்."

(இ)-யில் தேதியை நீங்களே குறிப்பிட்டுக் கேளுங்கள். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் என்றால் ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், எனவே மே மாத முடிவுக்குள். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் மழைதான் பயம், எனவே செப்டம்பர் முடிவுக்குள். தேதி இல்லாத உத்தரவு அலமாரியில் தூங்கும்.

படங்கள், புலப்பட நகல், நீங்கள் குறித்த அளவுகள் மூன்றையும் இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

5. கள ஆய்வு அன்று

அதிகாரி வரும் நாளில் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் இருங்கள், கூட்டம் வேண்டாம். அவர் பார்க்காமல் போய்விடக்கூடிய இடங்களுக்கு அழைத்துப் போங்கள்: மேலே உள்ள விரிசல், ஈரக்கோடு, ஓடையில் கிடக்கும் மண்.

தற்காலிகப் பாதுகாப்பாக அன்றே கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். வெட்டுக்கு மேலே சற்றுத் தள்ளி ஒரு வாய்க்கால் எடுத்து மழைநீரைப் பக்கமாகத் திருப்ப வேண்டும். வெட்டிய முகத்தைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். அடியில் மணல் மூட்டை அடுக்க வேண்டும். மேல் விளிம்பில் வண்டியோ, கல், ஜல்லிக் குவியலோ இருக்கக் கூடாது.

வேலை செய்யும் ஆட்களைப் பற்றியும் பேசுங்கள். 2024 பிப்ரவரியில் லவ்டேல் அருகே தடுப்புச்சுவருக்காக மண் தோண்டியபோது சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். காப்பாற்றத்தான் சுவர் கட்டுகிறோம், ஆனால் அதற்குத் தோண்டும் நாட்களில்தான் சரிவு மிகவும் பலவீனமாக இருக்கும். முழு நீளத்தையும் ஒரேயடியாகத் தோண்டாமல், சிறு சிறு பகுதியாகத் தோண்டிச் சுவர் எழுப்பி, அப்புறம் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். பள்ளத்துக்குள் ஆள் இறங்கும்போது பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கூலிக்கு வந்தவர்கள் இதைக் கேட்டு வாங்க முடியாது. நாம்தான் கேட்க வேண்டும்.

6. சரிவை மீட்பது: என்ன வரிசையில்

தண்ணீர், வடிவம், சுவர், புல். இந்த வரிசை மாறக் கூடாது.

மேல் வாய்க்காலை நிரந்தரமாகக் கட்டி, அது எங்கே போய் விழுகிறது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் விட்டுவிட்டால் அடுத்த சரிவு அங்கேதான். பிறகு இடம் இருந்தால் செங்குத்து முகத்தைப் படிப்படியாகச் சரித்து எடுப்பது நல்லது. இடம் இல்லாத இடத்தில்தான் உயரமான சுவர்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் விழும் சுவர்கள் பல மண்ணின் எடையால் மட்டும் விழுவதில்லை. பின்னால் தேங்கும் தண்ணீர்தான் தள்ளுகிறது. நீர்க்கசிவுத் துளை இல்லாத கான்கிரீட் சுவர் ஒரு அணைதான், ஆனால் அணையின் பலம் அதற்குக் கிடையாது. சுவர் எழும்போதே போய்ப் பாருங்கள்: வரிசையாகக் குழாய்த் துளைகள் வைத்திருக்கிறார்களா, அவை வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஜல்லி நிரப்புகிறார்களா, அல்லது வெட்டிய களிமண்ணையே திரும்பப் போட்டு மூடுகிறார்களா? களியைப் போட்டால் துளை இருந்தும் பயனில்லை, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கம்பி வலைக்குள் கல் அடுக்கும் கேபியன் சுவரில் தண்ணீர் தானாக வடிந்துவிடும். சின்ன வெட்டுகளுக்கு நான் அதையே சொல்வேன்.

கடைசியில் செடி. தென்னைநார் வலை விரித்து அதில் புல் பிடிக்க வைப்பது எளிய வழி. வெட்டிவேர் கூடலூர், பர்லியார் போன்ற தாழ்வான, வெதுவெதுப்பான இடங்களில் ஆழமாக வேர்விடும். ஊட்டி உயரத்தில் உறைபனி விழும் சரிவுகளில் அதன் வளர்ச்சி மந்தம், அங்கே உள்ளூர்ப் புல் வகைகளே மேல். விளிம்பில் கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில் மரம்) வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், காற்றில் ஆடி விளிம்பையே நெம்பிவிடும். சோலை மரக்கன்றுகளை வெறும் வெட்டு முகத்தில் நட்டால் பிழைக்காது, அவற்றுக்கு நிழல் வேண்டும். புல்லும் புதரும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீலகிரியில் நெடுஞ்சாலைத் துறை சில சாலைச் சரிவுகளில் இரும்புக் கம்பிகளை மண்ணுக்குள் ஆணியாக இறக்கி, வலை போர்த்தி, விதைக்கலவையைத் தெளித்துப் பசுமையாக்கியிருக்கிறது. தனி வீட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றாலும், பெரிய வெட்டு என்றால் அதையும் பரிசீலிக்கச் சொல்லி எழுதலாம். மண்காப்பு பற்றிச் சந்தேகம் இருந்தால் ஊட்டியில் 1954 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தை அணுகலாம்.

7. விடாமல் பின்தொடர்வது

கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது. "மண்சரிவு குறித்துப் பேசப்பட்டது" என்று பதிவானால் போதாது. புல எண், வேலை, கெடு தேதி மூன்றும் தீர்மானத்தில் இருக்க வேண்டும், கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். நகராட்சி, பேரூராட்சியில் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்தில் கேள்வி வரச் செய்யுங்கள்.

வேலை முடிந்ததாக அறிக்கை வந்த பிறகும் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் பெருமழை ஓய்ந்ததும், முன்பு படம் எடுத்த அதே இடத்திலிருந்து மறுபடியும் ஒரு படம் எடுங்கள், முளைக்குச்சிகளையும் அளந்துவிடுங்கள். சுவரின் துளைகளில் தெளிந்த நீர் வடிந்தால் வடிகால் வேலை செய்கிறது. ஒன்றுமே வராமல் சுவர் மட்டும் ஈரமாக இருந்தால் துளை அடைத்திருக்கிறது. செங்கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். பின்னிரண்டில் எதைப் பார்த்தாலும் பழைய ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு, புதுப் படத்தை இணைத்து, அன்றைக்கே அதே அலுவலகத்துக்கு எழுதுங்கள்.