முதியோர் பணம், ரேஷன், 100 நாள் வேலை: வாக்காளர்களாக நாம் செய்யும் தவறுகள்

எங்கள் ஊரில் முதியோர் பணத்துக்கும் 100 நாள் வேலைக் கூலிக்கும் மனு எழுதிக் கொடுப்பது பல வருடமாக என் வழக்கம். மனு எழுத உட்காரும்போது சில பேச்சுகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ரேஷன் கடையில் 100 கிராம் எடை குறைந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனாலும் ஓட்டு, ஆட்சி, உரிமை என்று வரும்போது நாம் எல்லோருமே தவறவிடுகிற இடங்கள் இருக்கின்றன. அந்தப் பேச்சுகளை வைத்தே அவற்றைச் சொல்கிறேன்.

“நிறுத்த மாட்டாங்க. நிறுத்தினா ஓட்டுப் போயிடும்ல?”

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்பது என் கருத்து. ஒரு திட்டத்தை நிறுத்துவோம் என்று எந்தக் கட்சியும் மேடையேறிச் சொல்லாது. அதனால் திட்டம் பத்திரமாக இருக்கிறது என்று நாமும் அசந்துவிடுகிறோம். முதியோர் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் தமிழ்நாட்டில் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது, 2023-ல் 1,200 ரூபாய் ஆனது. மத்திய அரசின் திட்டம் 1995-ல் வந்தது. 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதில் மத்திய அரசு தரும் பங்கு 2007-ல் மாதம் 200 ரூபாய். இத்தனை வருடம் கழித்தும் அது 200 ரூபாயிலேயே நிற்கிறது. இடையில் காங்கிரசும் ஆண்டது, பாரதிய ஜனதாவும் ஆண்டது. அந்த 200 ரூபாயில் யாரும் கை வைக்கவில்லை. அரிசி, பருப்பு, மாத்திரை விலைகள் ஏறி அதைத் தின்றுவிட்டன. நிறுத்தாமலேயே ஒரு திட்டத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

100 நாள் வேலையில் இது வேறு விதமாக நடந்தது. கொரோனா காலமான 2020-21-ல் இந்தத் திட்டத்துக்கு 1.1 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. 2023-24 பட்ஜெட்டில் ஒதுக்கியது 60,000 கோடிதான். அது போதாமல், பாதி வழியில் 86,000 கோடியாக உயர்த்த வேண்டி வந்தது. ஒதுக்கீடு குறைந்தால் வருடக் கடைசியில் பணம் தீரும். கூலி பாக்கி விழும். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி வரவேண்டியிருக்கிறது என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மூன்று மாதம் கூலி வராவிட்டால், “அதுக்குப் போறதுக்கு கரும்பு வெட்டப் போகலாம்” என்று ஆட்கள் தாமாகவே விலகிவிடுவார்கள். பிறகு, இந்த வேலைக்கு ஆள் வருவதே குறைந்துவிட்டது என்று கணக்கு காட்டுவது சுலபம்.

தொழில்நுட்பமும் சேர்ந்துகொண்டது. 2023 ஜனவரி முதல் வேலைத்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை செல்போனில் படம் எடுத்து வருகையைப் பதிய வேண்டும். 2024 ஜனவரி முதல் கூலி ஆதார் வழியாகத்தான் வரும். என் சித்திக்கு ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், வங்கிப் புத்தகத்தில் பின்னால். அதைச் சரிசெய்ய ஐந்து முறை பஸ் ஏறினார். அவருக்கு யாரும் கூலி இல்லை என்று சொல்லவே இல்லை, பணம்தான் வரவில்லை.

ஆகவே ஓட்டுக் கேட்டு வருபவரிடம் “திட்டத்தை நிறுத்துவீங்களா?” என்று கேட்பதில் பயனில்லை. “எவ்வளவு ஒதுக்குவீங்க? எத்தனை நாள்ல கூலி வரும்? 200 ரூபாயை எப்ப உயர்த்துவீங்க?” என்று கேளுங்கள். பதில் சொல்லச் சங்கடப்படுவார்கள். சங்கடப்படட்டும்.

“125 நாள் தர்றாங்களே, நல்லதுதானே?”

2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் ஒன்றை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 100 நாள் என்பது அதில் 125 நாள் ஆகியிருக்கிறது. டீக்கடையில் பேசப்படுவது இந்த ஓர் எண் மட்டும்தான். எண்ணை மட்டும் பார்ப்பதுதான் தவறு.

பழைய சட்டத்தின் உயிர் ஒரு வரியில் இருந்தது: நீங்கள் வேலை கேட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலையில்லாப் படி தர வேண்டும். எத்தனை பேர் கேட்கிறார்களோ அதற்கேற்பப் பணம் வர வேண்டும் என்பது அதன் அடிப்படை. உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு, பொருட்செலவில் முக்கால் பங்கும் அதனுடையது. புதிய சட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இவ்வளவுதான் என்று மத்திய அரசு முன்கூட்டியே ஒரு தொகையை நிர்ணயிக்கும். அதைத் தாண்டினால் மாநிலமே சுமக்க வேண்டும். நிர்ணயித்த தொகைக்குள்ளும் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் 40 விழுக்காடு போட வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வேலை கிடையாது.

ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களையும் கேட்க வேண்டும். அறுவடை நேரத்தில் ஆள் கிடைக்கவில்லை என்ற விவசாயியின் குறை நிஜமானது; எங்கள் ஊரிலேயே கேட்டிருக்கிறேன். மாநிலமும் பணம் போட்டால் பொறுப்பு கூடும் என்கிறார்கள். ஆனால் நாடு முழுவதும் சராசரியாக ஒரு குடும்பத்துக்குக் கிடைத்துவந்தது 50 நாள் அளவில்தான். 100 நாள் என்றபோதே பாதிதான் கிடைத்தது என்றால், பணத்துக்கு வரம்பு கட்டிவிட்டு 125 நாள் என்று எழுதுவதால் என்ன கூடும்? நிலமில்லாத குடும்பத்துக்கு அந்த 60 நாளில் வயலில் வேலை கிடைத்தாலும், கூலியைப் பேசி வாங்கும் பலம் குறையும். நில உரிமையாளர் சொல்வதுதான் கூலி என்றிருந்த காலத்தை மாற்றியதில் இந்த 100 நாள் ஏரி வேலைக்குப் பெரிய பங்குண்டு. அதை இழப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

“எல்லாம் கவர்மென்ட்டுதானே?”

எந்த கவர்மென்ட் என்று கேட்காததால் ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பிவிடுகிறார்கள். மேற்கு வங்கத்தில் நடந்ததைப் பாருங்கள். முறைகேடு நடந்தது என்று சொல்லி 2022 மார்ச்சில் மத்திய அரசு அந்த மாநிலத்துக்கு 100 நாள் வேலைப் பணத்தை நிறுத்தியது. ஒரு பக்கம் “அவர்கள் திருடினார்கள்”, மறுபக்கம் “அவர்கள் தரவில்லை”. மூன்று வருடத்துக்கு மேல் மாநிலம் முழுவதும் அந்த வேலையே இல்லை. 2025 ஆகஸ்ட் முதல் மறுபடி தொடங்க வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. பொய்க் கணக்கு எழுதியவரைப் பிடிக்கட்டும். மண்வெட்டி பிடித்தவரைப் பட்டினி போட்டது என்ன நியாயம்?

ஒதுக்கீடும் கூலி விகிதமும் மத்திய அரசின் கையில். அதனால் அது மக்களவை உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி. முதியோர் பணத்தில் 200 போக மீதி, ரேஷனில் இலவச அரிசி, இவை சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியவை. எந்த ஏரி, எந்த வாய்க்கால், யாருக்கு வேலை அட்டை என்பது ஊராட்சி. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. நம் வாசலில் இருந்த பொறுப்பாளரே இல்லாமல் போனதற்கு ஊரில் ஒரு சத்தமும் எழவில்லை. இது யார் தவறு என்று யோசித்தால், என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

“கஷ்டப்படுறவங்களுக்கு மட்டும் கொடுத்தாப் போதாதா?”

கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கஷ்டப்படுபவர் யார் என்று ஒரு பட்டியல் போட்டதும் முதலில் விடுபடுவது கஷ்டப்படுபவர்தான். 1997-ல் நாடு முழுவதும் ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் யார் உள்ளே என்பது இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான். அதற்குப் பிறகு பெருகிய மக்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

நம் மாநிலத்திலும் ஒரு முறை பிரித்துப் பார்த்தார்கள். 2001-ல் அமைந்த அ.தி.மு.க. ஆட்சியில், மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களின் அட்டைகளில், ரேஷன் அரிசி கிடையாது என்று காட்டும் ‘எச்’ முத்திரை குத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் எதிரணி வென்றது. முடிவு வந்த சில நாட்களிலேயே ஜெயலலிதா அந்த முத்திரையைத் திரும்பப் பெற்றார். தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மாநில அரசின் முடிவு ஒன்றை மக்களவைத் தேர்தலின் வழியாகவே மக்கள் மாற்ற வைத்தார்கள். ரேஷன் எல்லோர் வீட்டுப் பிரச்சினையாக இருந்ததால்தான் அந்தக் கோபத்துக்குக் கனம் இருந்தது. ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கிய திட்டத்தை வெட்டும்போது, குரல் கொடுக்க ஏழை மட்டும்தான் இருப்பார்.

“100 நாள் வேலைன்னா மரத்தடியில உட்கார்றதுதானே” என்று வீட்டுக்குள் இருந்து பேசுவதும் இதே வகை. சித்திரை வெயிலில் ஒரு நாள் ஏரிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

“நேர்லயே சொல்லிட்டேன்பா”

வாயால் கேட்டது கணக்கில் ஏறாது. வேலை வேண்டும் என்று தேதியிட்டு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். ரசீது இல்லையென்றால் அரசின் கணக்கில் நீங்கள் கேட்கவே இல்லை, படியும் கிடையாது. பழைய சட்டப்படி கூலி 15 நாளைத் தாண்டினால் ஒரு நாளுக்கு 0.05 விழுக்காடு ஈட்டுத்தொகை உண்டு. 1,000 ரூபாய்க்கு நாளுக்கு 50 பைசா. சின்னத் தொகைதான், ஆனாலும் தாமதம் நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஓட்டுக்குப் பணம் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2019-ல் பண விநியோகத்தால் வேலூர் மக்களவைத் தேர்தலே தள்ளிப்போனது. என் கவலை வேறு. பணம் வாங்கியவர்கள் அடுத்த ஐந்து வருடம் கேள்வி கேட்கக் கூசுவதைக் கண்ணால் பார்க்கிறேன். “அவர்கிட்ட வாங்கிட்டோமே” என்கிறார்கள். மாதம் 1,200 ரூபாயைக் கேட்கும் வாயை ஒரு நாள் பணம் அடைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் கிராமசபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். இந்த வருடம் எழுத்தில் வேலை கேட்டவர்கள் எத்தனை பேர், கிடைத்தவர்கள் எத்தனை பேர்? கூலி வர அதிகபட்சம் எத்தனை நாள் ஆனது? முதியோர் பணம் மறுக்கப்பட்ட மனுக்கள் எத்தனை, என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் வரும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லப் போகிறேன். சித்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், வங்கிப் புத்தகத்தோடு.