ஐரோப்பாவில் குடியேறியவர்களின் லத்தீன் ராக்: கேட்டுப் பழகும் முறை

லத்தீன் அமெரிக்கத் தாளங்களை ராக்குடன் கலக்கும் இந்த இசைக்குப் புதியவர், ஒரு குழு எந்தப் பாணியைச் சேர்ந்தது என்று ஆராய்வதற்கு முன், அதன் இசைஞர்களோ அவர்களுடைய பெற்றோரோ எந்த நாட்டை, எப்போது, எதனால் விட்டு வந்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. சிலியில் 1973ஆம் ஆண்டு செப்டம்பரிலும் அர்ஜென்டினாவில் 1976ஆம் ஆண்டு மார்ச்சிலும் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் வெளியேறியவர்களின் இசை ஒரு விதம். ஸ்பெயினில் ஃபிராங்கோவின் சர்வாதிகாரக் காலத்தில் பிரான்சுக்கு வந்த ஸ்பானியர்களின் பிள்ளைகள் உருவாக்கிய இசை வேறு விதம்.

அடுத்து, காதைப் பழக்க வேண்டும். ஒன்று முதல் எட்டு வரை சீராக எண்ணியபடி, வலக்கையால் 3, 7 ஆகிய எண்களில் தட்டுங்கள். ராக் இசையில் ஸ்நேர் டிரம் (கூர்மையாக வெடித்து ஒலிக்கும் சிறு முரசு) விழும் இடங்கள் இவை. அது நிலைத்தபின் இடக்கையால் 1, 4, 7 ஆகிய எண்களில் தட்டுங்கள். மூன்று, மூன்று, இரண்டு எனப் பிரியும் இந்த அமைப்பு கரீபியத் தாளங்கள் பலவற்றின் அடித்தளம். இரண்டு கைகளும் ஏழில் மட்டுமே சந்திக்கும். மற்ற இடங்களில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும். லத்தீன் ராக்கின் துள்ளலில் பெரும்பகுதி இந்த இழுபறியிலிருந்து பிறப்பதே. முதல் நாளில் கை குழம்பினால் கவலை வேண்டாம், வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு லோஸ் ஹைவாஸ் குழுவின் ‘மச்சு பிச்சுவின் சிகரங்கள்’ தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். 1973 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் சிலியிலிருந்து அர்ஜென்டினாவுக்கும், 1977இல் அங்கிருந்து பிரான்சுக்கும் சென்ற இவர்கள், சிலியக் கவிஞர் பாப்லோ நெருடாவின் வரிகளுக்கு இசையமைத்து 1981இல் இதை வெளியிட்டார்கள். இங்கே எட்டு எண்ணிக்கை பெரும்பாலும் உதவாது. ஆறாக எண்ணி, அது சில சமயம் மும்மூன்றாகவும் சில சமயம் இரண்டிரண்டாகவும் பிரிவதைக் கவனியுங்கள். ஆண்டீஸ் மலைப்பகுதியின் சிறு தந்திக்கருவியான சராங்கோவும் அங்குள்ள கேனாக் குழலும் மின்கிட்டாருக்கு அலங்காரமாக வருவதில்லை, அதனுடன் சரிசமமாக நிற்கின்றன. பாதியில் நிறுத்திக் கேட்பதற்கு ஏற்ற தொகுப்பு அல்ல இது.

மாட்ரிட்டுக்குச் சென்ற அர்ஜென்டினர்களுக்கு மொழித்தடை இல்லை; ஆகவே அவர்கள் அங்குள்ள ராக் இசைக்குள் நேரடியாகவே நுழைந்துவிட்டார்கள். பதின்பருவத்தில் அங்கு வந்த அரியேல் ரோத்தும் அலெஹோ ஸ்தீவெலும் தெக்கீலா என்ற ராக் குழுவில் இருந்தார்கள். ரோத் பின்னர் ஆந்த்ரேஸ் கலமாரோவுடன் லோஸ் ரோட்ரிகெஸ் குழுவில் சேர்ந்தார். அக்குழுவின் 1993ஆம் ஆண்டுப் பாடலான ‘சின் தோகுமெந்தோஸ்’ என்பதற்கு ‘ஆவணங்கள் இல்லாமல்’ என்று பொருள். தலைப்பை மட்டும் பார்த்து அகதிப் பாட்டு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது ரும்பா என்ற நடனத் தாளத்தில் அமைந்த காதல் பாட்டு. குடியேறியவர் பாடுவதெல்லாம் குடியேற்றத்தைப் பற்றியே இருக்கும் என்று எதிர்பார்ப்பது, இந்த இசையைக் கேட்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

பாரிஸின் மானோ நெக்ரா குழுவைப் பொறுத்தவரை, அதன் இரண்டு தொகுப்புகளை ஒப்பிட்டுக் கேட்பதே சிறந்த வழி. ஸ்பானியப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்த மானு சாவோவும் அவருடைய சகோதரரும் இதில் இருந்தார்கள். 1988இல் வந்த ‘பட்சாங்கா’ தொகுப்பில் வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் ராக்கின் அவசரம் முன்னே நிற்கிறது. 1992இல் பிரான்சின் நாந்த் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பலில் புறப்பட்டு லத்தீன் அமெரிக்கத் துறைமுக நகரங்களில் பாடிவந்த பின், 1994இல் வெளியான ‘காசா பாபிலோன்’ தொகுப்பில் அந்தப் பயணத்தின் சத்தங்கள் கலந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் கேளுங்கள். மானு சாவோ 1998இல் தனியாக வெளியிட்ட ‘கிளாந்தெஸ்தீனோ’ பாடலோ, ஆவணமற்றவரின் நிலையை மெல்லிய கிட்டாருடன் நேரடியாகவே பேசுகிறது.

கடைசியாக, அர்ஜென்டினாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்து பார்சலோனாத் தெருக்களில் வாசித்தவர்கள் 2002இல் தொடங்கிய சே சுதாகா குழு. தென் அமெரிக்கரை இழிவுபடுத்த ஸ்பெயினில் வழங்கும் ‘சுதாகா’ என்ற சொல்லையே இவர்கள் பெயராக்கிக்கொண்டார்கள். இவர்களுடைய ஸ்கா (ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை) பாடல்களைக் கேட்கும்போது மீண்டும் எட்டு வரை எண்ணுங்கள். கிட்டார் 2, 4, 6, 8 ஆகிய இடங்களில் வெட்டி வெட்டி ஒலிப்பது இப்போது காதுக்குத் தனியாகப் பிடிபடும்.